கண்ணாடி தேறியது, மரையாணி கழன்றது: ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் தரைச் சோதனைகள்

2018 ஏப்ரலில், கலிஃபோர்னியாவின் ரெடோண்டோ பீச்சில் உள்ள நார்த்ராப் கிரம்மன் ஆலையில், ஜேம்ஸ் வெப் என்ற அகச்சிவப்பு விண்வெளித் தொலைநோக்கியின் விண்கலப் பகுதியும் சூரியக் கவசமும் ஒலிச் சோதனையை முடித்திருந்தன. அடுத்த சோதனைக்காக அதை நகர்த்தியபோது கீழே சில மரையாணிகளும் வாஷர்களும் கிடந்தன. சூரியக் கவசத்தை மூடியிருந்த உறையிலிருந்து அவை கழன்று விழுந்திருந்தன. பின்னர் விசாரித்த சுயேச்சைக் குழுவின் கணக்குப்படி தளர்ந்தவை சுமார் 70.

வெப் திட்டத்தின் தரைச் சோதனைகளைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் தங்கக் கண்ணாடியில் தொடங்குவார்கள். இந்த ஆய்வு மரையாணியில் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. 20 நானோமீட்டர் துல்லியத்தில் மெருகேற்றிய கண்ணாடிகள், மைனஸ் 230 டிகிரியில் நடந்த ஒளியியல் சோதனை, உலகில் வேறெங்கும் இல்லாத கருவிகள் என்று எல்லாரும் பயந்த வேலைகள் கடைசிக் கட்டத்தில் பெரிய இழப்பின்றி முடிந்தன. எந்த ஆலையிலும் தினமும் நடக்கும் வேலைகள்தான் காலத்தையும் பணத்தையும் தின்றன: நட்டு இறுக்குவது, வால்வைக் கழுவுவது, சோதனைக்கு மின்கம்பி இணைப்பது.

பழுது பார்க்கப் போக முடியாத இடம்

வெப்புக்கு முந்தைய ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கியின் 2.4 மீட்டர் கண்ணாடி தவறான வடிவத்தில் மெருகேற்றப்பட்டது. அளக்கும் கருவியில் ஒரு லென்ஸ் 1.3 மி.மீ. தள்ளிப் பொருத்தப்பட்டிருந்ததால், கண்ணாடியின் விளிம்பு சுமார் 2.2 மைக்ரான் அளவுக்குக் கூடுதலாகத் தட்டையானது. வேறு எளிய கருவிகள் பிழையைக் காட்டியும், துல்லியமானது என்று பெயர் பெற்ற அந்த ஒரு கருவியையே நம்பினார்கள். 1990இல் ஏவிய பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. 1993இல் விண்வெளி வீரர்கள் போய்ச் சரிசெய்தார்கள்.

வெப் சுற்றும் எல்2 (சூரியனுக்கு எதிர்ப்புறம், பூமியோடு சேர்ந்தே சூரியனைச் சுற்றும் ஒரு புள்ளி) பகுதி பூமியிலிருந்து 15 லட்சம் கி.மீ. தூரத்தில் இருக்கிறது. அங்கே போய்ச் சரிசெய்ய எந்த ஏற்பாடும் இல்லை. மேலே போய் விரிய வேண்டிய பாகங்களில், ஒன்று தவறினாலும் மொத்தப் பணியும் போய்விடும் என்ற நிலையில் இருந்த இடங்கள் மட்டும் 344. ஆகவே இரண்டு விதிகள் உருவாயின. முக்கியமான ஒவ்வோர் ஒளியியல் அளவையும் ஒன்றையொன்று சாராத இரண்டு வழிகளில் எடுப்பது. முழுசாகச் சோதிக்க முடியாததைத் துண்டு துண்டாகச் சோதித்து, கணினி மாதிரியால் இணைப்பது.

குளிரில் சரியாவதற்காக, அறை வெப்பத்தில் வேண்டுமென்றே தவறாக

முதன்மைக் கண்ணாடியின் அகலம் 6.5 மீட்டர். ஏரியான் 5 ராக்கெட்டின் மூக்குக் கூட்டுக்குள் சரக்குக்குக் கிடைக்கும் அகலம் சுமார் 4.57 மீட்டர். அதனால்தான் 18 அறுகோணத் துண்டுகள். பக்கத்துக்கு மூன்று துண்டுகள் சிறகு போலப் பின்னால் மடியும். ஒவ்வொரு துண்டும் 1.32 மீட்டர் அகலம். பெரிலியம் கட்டியைக் கடைந்து, பின்புறத்தில் விலா எலும்பு மட்டும் மிஞ்சும்படி 90 சதவீதத்துக்கு மேல் வெட்டி எடுத்த பிறகு, கண்ணாடியின் எடை 20 கிலோ அளவுக்கு வந்தது. தாங்கிகளும் இயக்கிகளும் சேர்ந்தால் சுமார் 40 கிலோ.

பெரிலியத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு எடை மட்டும் காரணமில்லை. வெப் இயங்கும் 40 கெல்வின் (சுமார் மைனஸ் 233 டிகிரி செல்சியஸ்) அளவிலான குளிரில் அதன் வடிவம் வெப்பநிலை மாற்றத்துக்கு மிகக் குறைவாகவே அசையும். ஆனால் அறை வெப்பத்திலிருந்து அந்த நிலைக்குப் போகும் வழியில் நன்றாகவே நெளியும். எனவே வேலை இப்படி நடந்தது: துண்டை மெருகேற்றுவது, அலபாமாவின் ஹன்ட்ஸ்வில்லில் உள்ள மார்ஷல் மையத்தின் குளிர்க் கலத்துக்கு அனுப்புவது, அங்கே குளிரவைத்து நெளிவை அளப்பது, அந்த நெளிவின் தலைகீழ் வடிவத்தை அறை வெப்பத்திலேயே கண்ணாடியில் இறக்குவது, மறுபடியும் குளிரில் வைத்துச் சரிபார்ப்பது. கலிஃபோர்னியாவில் மெருகு, கொலராடோவில் பொருத்தல், அலபாமாவில் சோதனை, நியூ ஜெர்சியில் தங்கப் பூச்சு என்று ஒவ்வொரு துண்டும் பல மாநிலங்களுக்கு அலைந்தது. தங்கப் பூச்சின் தடிமன் சுமார் 100 நானோமீட்டர். 18 துண்டுகளுக்கும் சேர்த்து ஏறத்தாழ 48 கிராம் தங்கம், அவ்வளவுதான்.

புவியீர்ப்பு இன்னொரு தொல்லை. இவ்வளவு மெல்லிய கண்ணாடி தன் எடையிலேயே தொய்யும். விண்வெளியில் அந்தத் தொய்வு இருக்காது. அளந்த வடிவத்திலிருந்து தொய்வைக் கணக்கிட்டுக் கழிக்க வேண்டும். கழிக்கும் கணக்கே தவறாக இருந்தால் ஹப்பிள் கதைதான் திரும்பும். இரண்டு வழிகளில் அளக்கும் விதி இங்கே மிகக் கண்டிப்பாகப் பின்பற்றப்பட்டது.

ஒவ்வொரு துண்டின் பின்னாலும் ஏழு இயக்கிகள் உள்ளன. ஆறு அதன் இடத்தையும் சாய்வையும் மாற்றும். ஏழாவது நடுவில் இழுத்தோ தள்ளியோ வளைவு ஆரத்தைத் திருத்தும். இரண்டாம் கண்ணாடியின் ஆறையும் சேர்த்தால் 132. நுண் அசைவில் ஒரு படி 10 நானோமீட்டருக்கும் குறைவு. இதன் நடைமுறைப் பயன் பெரிது: தரையில் 18 துண்டுகளையும் நானோமீட்டர் கணக்கில் பொருத்த வேண்டியதில்லை. இயக்கிகளின் வீச்சுக்குள் வந்துவிட்டால் போதும், மிச்சத்தை மேலே போய்ச் சரிசெய்யலாம். தரைச் சோதனை நிரூபிக்க வேண்டியது கண்ணாடி சீராக நிற்கிறதா என்பதை அல்ல, சீராக்கும் வசதி வேலை செய்கிறதா என்பதை.

காடர்டில் பொருத்தல்

கண்ணாடிகளைத் தாங்கும் முதுகுச் சட்டம் கார்பன் இழைக் கலவையால் ஆனது. கடும் குளிரில் அதன் அசைவு 38 நானோமீட்டரைத் தாண்டக் கூடாது என்பது நிபந்தனை. மேரிலாந்தின் கிரீன்பெல்ட்டில் உள்ள நாசாவின் காடர்டு மையத்துத் தூய்மை அறையில், 2015 நவம்பரில் முதல் துண்டு அந்தச் சட்டத்தில் ஏறியது. 2016 பிப்ரவரித் தொடக்கத்தில் பதினெட்டாவது. இயந்திரக் கை துண்டைத் தூக்கி இறக்கும், லேசர் கருவி இடத்தை அளக்கும், பிறகு போல்ட். இந்த வேலை முழுவதும் கண்ணாடிகளின் மேல் கறுப்பு மூடிகள் இருந்தன. 2016 ஏப்ரலில்தான் அவற்றைக் கழற்றினார்கள்.

அந்த அறை 10,000ஆம் வகுப்புத் தூய்மை கொண்டது. அதாவது ஒரு கன அடிக் காற்றில் அரை மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள துகள்கள் 10,000க்கு மேல் இருக்கக் கூடாது. வெளியில் இருப்பவர்கள் தூசியைப் பற்றித்தான் கவலைப்படுவார்கள். அகச்சிவப்புத் தொலைநோக்கிக்கு அதைவிடப் பெரிய பகை மூலக்கூறு அளவிலான படலம். பிளாஸ்டிக், பசை, மசகு எண்ணெய் போன்றவை வெற்றிடத்தில் ஆவியாகிக் குளிர்ந்த கண்ணாடியில் ஒட்டும். நீராவி பனியாகப் படியும். தூசி ஒளியைச் சிதறடிக்கும், படலமோ ஒளியை விழுங்கும். அறைக்குள் போகும் ஒவ்வொரு பொருளுக்கும் பொருள் பட்டியல் ஒப்புதல் தேவைப்படுவது இதனால்தான்.

கண்ணாடி ஏறிக்கொண்டிருந்தபோதே, நான்கு அறிவியல் கருவிகளையும் தாங்கும் தொகுதி காடர்டின் வேறொரு வெற்றிடக் கலத்தில் இருந்தது. 2013, 2014, 2015–16 என மூன்று முறை அது குளிர்-வெற்றிடச் சோதனைக்குப் போனது. தொலைநோக்கியிலிருந்து வருவதுபோன்ற ஒளியை ஊட்ட ஒரு பாவனைக் கருவி கீழே இருந்தது. மூன்று முறை எதற்கு என்பதற்கு உணரிகளே பதில். அருகு அகச்சிவப்பு உணரிகள் அறை வெப்பத்தில் சும்மா வைத்திருக்கும்போதே மெல்லக் கெட்டுக்கொண்டிருந்தன. இணைப்புக்கு வைத்த இண்டியம் என்ற மென் உலோகம் தடுப்புப் படலத்தைத் தாண்டிப் பக்கத்து உலோகத்துக்குள் ஊடுருவியதுதான் காரணம்; நாளாக ஆகக் கெட்ட படப்புள்ளிகள் கூடின. திருத்திய வடிவமைப்பில் புதிய உணரிகள் செய்து மாற்றினார்கள். மாற்றிய பிறகு பழைய சோதனை முடிவு செல்லாது. ஆகவே மூன்றாவது முறை.

2016 மே மாதத்தில் கருவித் தொகுதி கண்ணாடிகளின் பின்னால் பொருத்தப்பட்டது.

டிசம்பர் 3, 2016

ராக்கெட்டில் ஏறும் எதையும் இரண்டு வகையில் உலுக்க வேண்டும். அதிர்வு மேசை குறைந்த அதிர்வெண்களை அடியிலிருந்து செலுத்தும். ஒலிக் கூடம் எஞ்சினின் இரைச்சலை நாலாப் பக்கமும் அடிக்கும். மேசையில் அதிர்வெண்ணைச் சிறிது சிறிதாக ஏற்றிப் போவார்கள். நூற்றுக்கணக்கான முடுக்க மானிகள் பதிவு செய்யும். எதிர்பார்த்த வரைகோட்டைத் தாண்டினால் மேசை தானாக நிற்கும்.

டிசம்பர் 3ஆம் தேதி அப்படித்தான் நின்றது. கண்ணால் பார்த்ததில் எந்தச் சேதமும் இல்லை. ஆய்வில் தெரிந்தது: மடித்த கண்ணாடிச் சிறகைப் பிடித்துவைக்கும் பூட்டுகளில் மிகச் சிறிய இடைவெளி திறந்து மூடியிருக்கிறது. அந்தத் தட்டல் உயர் அதிர்வெண்ணாக மானிகளில் விழுந்தது. கணினி மாதிரியில் அந்த இணைப்பு இறுகிய ஒன்றாக எழுதப்பட்டிருக்கும். நிஜத்தில் அழுத்தம் ஒரு எல்லையைத் தாண்டினால் அது விலகும். பூட்டு, கீல், கவ்வி உள்ள எந்தக் கட்டமைப்பிலும் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். ஜனவரியில் சோதனை தொடர்ந்தது. மார்ச்சுக்குள் அதிர்வும் ஒலியும் முடிந்தன. உலுக்கலுக்கு முன்னும் பின்னும் கண்ணாடியின் வடிவத்தை, அதன் வளைவு மையத்திலிருந்து இன்டர்ஃபெரோமீட்டரால் (ஒளி அலைகளை ஒன்றோடொன்று மோதவிட்டு வடிவத்தை அளக்கும் கருவி) அளந்து ஒப்பிட்டார்கள். மாற்றமில்லை.

ஹூஸ்டனில் நூறு நாள்

2017 மே மாதத்தில் தொலைநோக்கியும் கருவிகளும் சேர்ந்த பகுதி ஹூஸ்டனின் ஜான்சன் விண்வெளி மையத்துக்குப் போனது. அங்குள்ள 'சேம்பர் ஏ' அப்போலோ காலத்து வெற்றிடக் கலம்: விட்டம் 16.8 மீட்டர், உயரம் 27.4 மீட்டர். உள்ளே திரவ நைட்ரஜன் ஓடும் உறை, அதற்குள் குளிர்ந்த ஹீலியம் வாயு ஓடும் இன்னொரு உறை. தொலைநோக்கியைக் கண்ணாடி மேல்நோக்கும்படி ஆறு கம்பிகளில் தொங்கவிட்டார்கள். பம்புகளின் அதிர்வு கண்ணாடிக்கு ஏறாமல் இருக்க மேலே அதிர்வுத் தடுப்பிகள்.

ஜூலை 10 கதவு மூடியது. காற்றை வெளியேற்ற சுமார் 10 நாள், குளிரவைக்க ஏறக்குறைய 30 நாள். வேகமாகக் குளிரவைத்தால் என்ன என்று கேட்கலாம். ஒரு பாகம் முந்தி, ஒரு பாகம் பிந்திக் குளிர்ந்தால் ஒட்டுகளில் இழுவிசை ஏறும். அதோடு, குளிர்ந்த பரப்பில்தான் ஆவி போய்ப் படியும். வெப்பநிலை இறங்கும்போது கண்ணாடி சுற்றுப்புறத்தைவிடச் சூடாக இருக்க வேண்டும். ஏறும்போது, உறையில் உறைந்த நீராவி விடுபட்டுக் கண்ணாடியில் ஒட்டாதபடி வெப்பநிலைகளை வரிசையாக நடத்த வேண்டும். அட்டவணையை எழுதியது பொறியாளர்களின் அவசரம் அல்ல, நீராவி.

அளவீடுகள் பல அடுக்காக நடந்தன. சுழலும் கைகளில் பொருத்திய கேமராக்கள் பாகங்களின் இடத்தைப் படமெடுத்துக் கணக்கிட்டன. கலத்தின் உச்சியில், வளைவு மையத்தில் இருந்த பல அலைநீள இன்டர்ஃபெரோமீட்டர் 18 துண்டுகளையும் ஒரே கண்ணாடியாகச் சீரமைத்துப் பார்த்தது. பிறகு முழு ஒளிப்பாதை. 6.5 மீட்டர் அகலத்துக்கு இணைக்கதிர் அனுப்பும் கருவி செய்வது கட்டுப்படியாகாது. அதனால் தொலைநோக்கியின் உள்ளேயே ஓர் ஒளிமூலம் வைத்தார்கள். அது உள்நோக்கிக் கருவிகளுக்கு ஒளி தரும். வெளிநோக்கி அனுப்பினால் ஒளி இரண்டாம் கண்ணாடி, முதன்மைக் கண்ணாடி வழியாக மேலே போய், அங்குள்ள 1.5 மீட்டர் சமதளக் கண்ணாடிகள் மூன்றில் பட்டுத் திரும்பிக் கருவிக்கு வரும். முழுக் கண்ணாடியையும் இது மூடாது. ஆனால் ஹப்பிளில் நடந்த மாதிரியான பெரும் பிழை எதுவும் இதைத் தாண்டி ஒளிந்திருக்க முடியாது.

ஒரு எதிர்பாராத விஷயமும் அகப்பட்டது. வெப்பநிலை மாறும்போது அலைமுகம் (கண்ணாடியிலிருந்து திரும்பும் ஒளி அலையின் வடிவம்) கணித்ததைவிட அதிகமாக நகர்ந்தது. கண்ணாடி விளிம்பைச் சுற்றித் தைத்த கறுப்புத் திரை போன்ற மென் பாகங்கள் குளிரில் சுருங்கி, விறைத்து, சட்டத்தை இழுத்திருந்தன. மின்னணுப் பெட்டியின் சூடேற்றிகள் விட்டுவிட்டு இயங்கும் தாளத்துக்கு ஏற்ப ஒரு சிறு ஆட்டமும் தெரிந்தது. திரைகளுக்குத் தளர்வு கொடுத்தார்கள். அலுமினியம், கார்பன் பாகங்களுக்கெல்லாம் பக்கம் பக்கமாக மாதிரிக் கணக்கு இருக்கும். துணிக்கு யாரும் அவ்வளவு கணக்குப் போடுவதில்லை.

ஆகஸ்ட் கடைசியில் ஹார்வி புயல் ஹூஸ்டனை மூழ்கடித்தபோது தொலைநோக்கி கடும் குளிரில் இருந்தது. மின்சாரத்தைவிட அவசரக் கவலை திரவ நைட்ரஜன்: லாரிகள் வராவிட்டால் கலம் கட்டுப்பாடின்றிச் சூடேறும். சாலைகள் மூழ்கியிருந்தும் லாரிகள் வந்தன, சோதனை நிற்கவில்லை. செப்டம்பர் 27இல் திட்டமிட்டபடி சூடேற்றத் தொடங்கினார்கள். நவம்பர் 18இல் கதவு திறந்தது.

ரெடோண்டோ பீச்: இழப்பு இங்கேதான்

சூரியக் கவசம் 21 மீட்டர் நீளம், 14 மீட்டர் அகலம் கொண்ட ஐந்து கேப்டான் (வெப்பம் தாங்கும் ஒரு பிளாஸ்டிக்) தாள்கள். சூரியனை நோக்கிய தாளின் தடிமன் 0.05 மி.மீ., மற்றவை 0.025 மி.மீ. மடித்த தாள்களை ராக்கெட் பயணத்தில் பிடித்துவைக்க 107 விடுவிப்பு ஊசிகள். விரித்து இழுக்க சுமார் 90 கம்பி வடங்கள், நூற்றுக்கணக்கான கப்பிகள். தரையில் இதை விரிப்பது விண்வெளியில் விரிப்பதைவிடக் கஷ்டம். வடம் தொய்யும், தாள் தொங்கும், கவசத்தை நீட்டும் இயந்திரக் கை எடையைத் தாங்காது. எல்லாவற்றுக்கும் மேலிருந்து எடைதாங்கிகள் வேண்டும். விரித்துச் சோதித்தால் மறுபடி மடிக்க வேண்டும். மடிப்பது கையால் செய்யும் வேலை, மாதக் கணக்கில் ஆகும். அடுத்த சோதனைக்கான அபாயம் அங்கேயே பிறக்கும்.

2017இல் விரித்து மடித்தபோது ஏழு கிழிசல்கள் தென்பட்டன, பெரியது சுமார் 10 செ.மீ. வடங்கள் தொய்ந்து சிக்கும் இடங்களும் தெரிந்தன. கிழிசலை ஒட்டலாம், தாளில் சதுரம் சதுரமாக வெப்ப ஒட்டுக் கோடுகள் இருப்பதால் அது பரவவும் செய்யாது. போனது நேரம்.

அதற்கு முன்னரே உந்துவிசை அமைப்பில் இரண்டு தவறுகள் நடந்திருந்தன. வால்வுகளைக் கழுவ, தயாரிப்பாளரிடம் பொருந்துமா என்று உறுதி செய்யாத கரைப்பானைப் பயன்படுத்தியதால் அடைப்புப் பரப்புகள் கெட்டு வால்வுகள் கசிந்தன. கழற்றிச் செப்பனிட வேண்டியதாயிற்று. இன்னொரு சோதனையில் தவறான இணைப்பால் அழுத்த உணரிகளுக்கு அளவுக்கு மீறிய மின்னழுத்தம் போனது. மூன்றாவதுதான் மரையாணி.

தாளுக்குப் பக்கத்தில் மரையாணி என்பதே ஒரு சிக்கல். தானாகக் கழலாத வகை நட்டு வேலை செய்ய, மரை முழுக்க நட்டுக்குள் புகுந்து நுனி சற்று வெளியே நீள வேண்டும். இறுக்கும்போது நட்டின் சுய எதிர்ப்பைத் தனியாக அளந்து குறிக்க வேண்டும். பிறகு தலையில் சாயக் கோடு இட வேண்டும், அசைந்தால் கோடு உடைந்து காட்டும். ஆனால் வெளியே நீளும் நுனி 0.025 மி.மீ. தாளைக் கிழிக்கும். இந்த இரண்டு தேவைகளும் மோதும் இடத்தில் பொருத்தும் முறையை மாற்றினால், மாற்றிய மாதிரியைத் தனியாக உலுக்கிப் பார்க்காமல் விண்கலத்தில் போடக் கூடாது. கவசத்தை மூடும் உறை எடை குறைந்த, பரப்பு அகன்ற பாகம். ஒலி அதைத்தான் அதிகம் ஆட்டும். சரியாக இறுகாத நட்டு அந்த ஆட்டத்தில் சுழன்று வெளியே வரும்.

டாம் யங் தலைமையிலான அந்தச் சுயேச்சைக் குழு 2018 ஜூனில் அறிக்கை தந்தது. தவிர்த்திருக்கக்கூடிய மனிதத் தவறுகளால் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டும் 60 கோடி டாலரும் போயின என்பது அதன் கணக்கு. ஏவும் நாள் 2021 மார்ச் 30க்குத் தள்ளியது. உருவாக்கச் செலவு 880 கோடி டாலரானது. அறிக்கை தந்த 30க்கும் மேற்பட்ட பரிந்துரைகளில் மிகவும் பயனுள்ளது, நமது பார்வையில், இதுவரை கண்டுபிடிக்கப்படாமல் ஒளிந்திருக்கும் பிழைகளைத் தேடித் தணிக்கை செய் என்பதே. மூன்று தவறுகள் தற்செயலாக வெளியே தெரிந்திருக்கின்றன என்றால், தெரியாதவையும் இருக்கும் என்று வைத்துக்கொண்டுதான் வேலை செய்ய வேண்டும்.

இணைத்த பிறகு

2019 ஆகஸ்டில் தொலைநோக்கியும் விண்கலமும் இணைந்து முதல்முறை முழு உருவம் கிடைத்தது. அதற்குள் விண்கலப் பகுதியின் வெப்ப-வெற்றிடச் சோதனையில் தகவல் தொடர்பு வரிசையின் இரண்டு மின்னணுப் பெட்டிகள் பழுதாகி, மாற்றும் வேலை சேர்ந்திருந்தது. முழு உருவத்தின் அதிர்வு, ஒலிச் சோதனைகள் 2020 அக்டோபரில் முடிந்தன. டிசம்பரில் சூரியக் கவசம் கடைசி முறை விரிந்தது; 2021 மே மாதம் கண்ணாடிச் சிறகுகள்.

முழு உருவத்தைக் குளிர்-வெற்றிடத்தில் சோதிக்கவே இல்லை. விரிந்த கவசத்தை உள்ளே வைக்கும் கலம் உலகில் இல்லை. ஒரு பக்கம் 110 டிகிரி, மறுபக்கம் மைனஸ் 230ஐ ஒட்டிய குளிர் என்ற அந்த நிலை, சிறிய அளவு மாதிரிகளிலும் பகுதிச் சோதனைகளிலும் தேறிய கணக்கை நம்பித்தான் மேலே போனது.

2021 செப்டம்பர் 26இல் கப்பலேறிய வெப், பனாமா கால்வாய் வழியாக அக்டோபர் 12இல் பிரெஞ்சு கயானா சேர்ந்தது. நவம்பரில் ராக்கெட் இணைப்பு வளையத்தில் பொருத்தும்போது கவ்வுப் பட்டை திடீரென விடுபட்டு முழு விண்கலத்தையும் உலுக்கியது. மறுபடி சோதித்துப் பார்த்ததில் சேதமில்லை. பிறகு தரையோடு பேசும் தரவு வடத்தில் கோளாறு, அதன்பின் வானிலை. மூக்குக் கூட்டிலும் ஒரு வேலை முன்பே முடிந்திருந்தது: கூடு பிரியும் கணத்தில் உள்ளே மிஞ்சும் காற்றழுத்தம், மடித்த தாள்களுக்குள் அடைபட்ட காற்றை ஊதச் செய்து கவசத்தை இழுத்துவிடலாம் என்பதால், காற்றுத் துளைகளைத் திருத்தி முந்தைய ஏரியான் பயணங்களில் அளந்து உறுதி செய்தார்கள். டிசம்பர் 25இல் ஏவப்பட்டது.

107 ஊசிகளும் விடுபட்டன. 2022 ஜனவரி 4இல் ஐந்து தாள்களும் இறுகின, 8ஆம் தேதி சிறகுகள் விரிந்தன. 2 மைக்ரான் அலைநீளத்தில் கூர்மை வேண்டும் என்பதே நிபந்தனை, கிடைத்தது அதைவிடக் கடினமான 1.1 மைக்ரானில். ஹூஸ்டனில் பார்த்த சூடேற்றித் தாளம் விண்வெளியிலும் இருக்கிறது, சில நானோமீட்டர் அளவுக்கு.